முதல் கரண்டி

வடித்து நிமிர்த்திய சோற்று அண்டாவின் மூடியைத் திறந்துவிட்டால், சுகிர்தா வரும்வரை யாரும் அதில் கரண்டி போடக் கூடாது. சமையல்காரர் குணாவானாலும் சரி, முதலாளி பரசுராமனே பசியோடு வந்து நின்றாலும் சரி. அவள் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, தலைத்தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வருவாள். ஆணியில் தனியாக மாட்டியிருக்கும் சின்னக் கரண்டியை எடுப்பாள். அண்டாவின் நடுவில், ஆவி நன்றாக எழும்பும் இடமாகப் பார்த்து, உடையாத பருக்கையாக ஒரு கரண்டி அள்ளி, உள்ளங்கையகல எவர்சில்வர் டப்பாவில் போடுவாள். ஒரு நொடி உதடு அசையும். பிறகு மூடிவிடுவாள்.

"அதுக்கு எடுத்தாச்சு. இனிமே நீங்க இன்னா வேணா பண்ணிக்குங்க" என்பாள்.

'அது' என்றால் சாம்பிள். கம்பெனிகளுக்குச் சாப்பாடு அனுப்பும் மெஸ்ஸில் அன்றன்று சமைத்த எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. சாப்பிட்டவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதிகாரிகள் வந்து அந்த டப்பாவைச் சோதனைக்கு எடுத்துப் போவார்கள். சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர் என்று தினமும் ஐந்து டப்பா. புதன்கிழமை கோழி சேர்த்து ஆறு. ஒவ்வொன்றின் மேலும் மருந்துக்கடை பிளாஸ்டரை ஒட்டி, தேதியும் மணியும் பேனாவால் எழுதுவாள். ஒன்பதாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. ஆனால் எங்கள் கம்பெனி மேனேஜர் கையெழுத்தைவிடப் படிக்க முடியும்.

காக்களூர் தொழிற்பேட்டையின் பின்பக்கத்தில் தகரக் கூரை போட்ட அந்த மெஸ்ஸிலிருந்து ஆறு கம்பெனிகளுக்கு முந்நூற்றைம்பது சாப்பாடு போகிறது. அதில் ஒரு சாப்பாடு என்னுடையது. பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். போன வருடத்திலிருந்து எனக்குக் கேன்டீன் கமிட்டி என்று இன்னொரு பட்டமும் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஒரு தாளை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய் டிக் அடித்துவிட்டு வரவேண்டும். தலைத்தொப்பி போட்டிருக்கிறார்களா, ஆம். கையுறை போட்டிருக்கிறார்களா, ஆம். சாம்பிள் எடுக்கப்பட்டதா, ஆம். பதினெட்டுக் கேள்விகளுக்கும் 'ஆம்' போட நாலு நிமிடம் ஆகும். மிச்ச நேரத்தில் சுகிர்தாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படிப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள். மணவாள நகரில் ஒற்றை அறை வீடு. மெஸ்ஸில் வேலை செய்யும் பதினோரு பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி என்று பெயர். பெயர் மட்டும்தான், பாத்திரமும் கழுவுவாள். ஈயைக் கண்டால் அவளுக்கு ஆகாது. பழைய காலண்டர் அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டே திரிவாள். வேன் டிரைவர்கள் செருப்போடு உள்ளே வந்தால் அந்த அட்டை அவர்கள்மேலும் விழும். பீடியோடு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "அத்தக் கெடாசிட்டு வா நைனா. உள்ள சோறு கீது" என்பாள். கையுறையை மட்டும் அவள் மதிப்பதில்லை. "இத்தப் போட்டுக்கினு வெங்காயம் உரிச்சுப் பாருங்க சார். கையி எங்கியோ, வெங்காயம் எங்கியோ. பேஜாரு." நான் தாளோடு நுழையும்போது மாட்டிக்கொள்வாள். நான் டிக் அடித்ததும் கழற்றிவிடுவாள். இது எங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள மரியாதை.

அந்த முதல் கரண்டி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அவள் அம்மாவிடமிருந்து வந்ததாம். காலனியில் எல்லாரும் சர்ச்சுக்குப் பிடி அரிசி எடுத்துவைக்கிறவர்கள். உலை கொதித்ததும் அரிசியைக் களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொட்டுவார்கள். வீட்டில் அரைப்படி அரிசிதான் இருக்கிறது என்றாலும் முதல் பிடி அதற்குத்தான். அதிலும் கல் குருணை இருக்கக் கூடாது.

"மிச்சத்த எடுத்துக் குடுக்கக் கூடாது சார். நாம கைய வெக்கறதுக்கு மின்ன எடுக்கணும். எங்கம்மா அதுல ரொம்ப கண்டிப்பு" என்றாள்.

மெஸ்ஸுக்கு ஒப்பந்தம் கிடைத்த புதிதில் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்திருந்தார். டை கட்டியவர். அரை மணி நேரம் கிருமிகளின் படங்களைக் காட்டிவிட்டு, "பரிமாறுறதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் சாம்பிள் எடுத்து வச்சிடுங்கம்மா" என்று சொல்லிப் போனார். மற்றப் பெண்களுக்கு அது ஒரு தண்ட வேலையாகப் பட்டது. சுகிர்தாவுக்கு அது பிடி அரிசியாகப் பட்டது. அவள் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். டை கட்டியவர் சொல்லாத எல்லாச் சுத்தத்தையும் அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

பரசுராமனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபமாகிவிடும். அவர் அப்படிக் கெட்டவர் இல்லை. திருவள்ளூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் ஒன்பது ஏக்கர் நெல் போடுகிற குடும்பம். சுகிர்தாவின் அம்மா அவருடைய அப்பா நிலத்தில் நாற்று நட்டவள். அவள் அந்தப் பெரியவரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிட்டாளாம். சுகிர்தா பரசுராமனை 'சார்' என்கிறாள். ஒரு தலைமுறையில் நடந்த முன்னேற்றம் இவ்வளவுதான். அவர் அவளை 'வா, போ' என்றுதான் பேசுகிறார், அதில் மாற்றம் இல்லை.

அவருக்கு ஒரு குணம். சோற்றைக் கொட்டக் கூடாது. காய் அழுகினால் கொட்டலாம், சாம்பார் புளித்தால் கொட்டலாம். சோறு மட்டும் கூடாது. ஒருமுறை என் முன்னாலேயே குணாவைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பா வரப்புல சிந்துன நெல்லக்கூட பொறுக்கிக்கினு வருவாரு. நீ அண்டா அண்டாவா கொட்டுவியா? வயித்தெரிச்சலா கீதுடா." உண்மையாகவே அவர் கண் கலங்கியது. நடிப்பு இல்லை.

அதனால் கம்பெனிகளிலிருந்து சோறு திரும்பி வந்தால் மெஸ்ஸில் ஒரு வழக்கம். அகலமான தட்டங்களில் பரப்பி, ஈரத்துணி போட்டு, ராத்திரி முழுக்க அறையிலேயே வைத்திருப்பார்கள். காலையில் தண்ணீர் தெளித்து ஆவி காட்டுவார்கள். வேனில் ஏற்றும் ஹாட் பாக்ஸ்களில் அடியில் பழைய சோறு, மேலே புதுச் சோறு. தட்டில் விழும்போது எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. மணம் மாறாது, நிறம் மாறாது, சூடாகவும் இருக்கும்.

போன ஆடிக் கிருத்திகைக்குத் தொழிற்பேட்டையில் பாதிப் பேர் காவடியோடு திருத்தணிக்குப் போய்விட்டார்கள். எத்தனை பேர் வரமாட்டார்கள் என்று எந்தக் கம்பெனியும் மெஸ்ஸுக்குச் சொல்வதில்லை. மலைபோல் சோறு திரும்பி வந்தது. மறுநாள் வியாழக்கிழமை ஒரு மணிக்கு நாங்கள் அதைச் சாப்பிட்டோம். நாலு மணிக்கு நான் ஸ்டோர் ரூம் வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு கம்பெனியிலும் சேர்த்து முப்பத்தேழு பேர். எனக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அப்போது மருந்து எழுதிய டாக்டர்தான் சொன்னார். வடித்த சோற்றை வெளியில் வைத்தால் அதில் ஒரு கிருமி பெருகி விஷத்தைக் கக்கி வைக்கும். மறுபடி கொதிக்கவைத்தால் கிருமி சாகும், விஷம் சாகாது. இவ்வளவு வருடம் சோறு தின்றும் எனக்கு இது தெரியாது.

லோகுவுக்குச் சரியாகவில்லை. எங்கள் கம்பெனியில் கட்டிங் மெஷின் ஓட்டியவன், முப்பத்து நாலு வயது. நல்ல சாப்பாட்டு ராமன். அடியில் இருக்கும் சோறுதான் அவனுக்குப் பிடிக்கும், கடைசியில் வந்து ஹாட் பாக்ஸை வழித்து வாங்கிக்கொள்வான். வியாழக்கிழமை ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் கிடந்தான். ஒருநாள் சம்பளம் போகிறதே என்று கவலைப்பட்டானாம். சனிக்கிழமை காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனான். மனைவி தமிழ்செல்வியும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையும்.

சனிக்கிழமை காலையில் அதிகாரிகள் மெஸ்ஸுக்கு வந்தார்கள். அதற்குள் அண்டா, ஹாட் பாக்ஸ், தட்டம் எல்லாம் இரண்டு முறை தேய்த்துக் கழுவப்பட்டிருந்தன. மிச்சம் இருந்தது ஃப்ரிட்ஜில் வியாழக்கிழமை டப்பாக்கள் மட்டும். வெள்ளிக்கிழமையே அவற்றைக் கழுவி வைத்துவிடலாம் என்று குணா சொல்லியிருக்கிறார். சுகிர்தா ஃப்ரிட்ஜ் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். "ரெண்டு நாளு ஆவல. நான் தரமாட்டேன்" என்றிருக்கிறாள். முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோதும் அதே பதில். அவள் வாழ்நாளில் ஒரு முதலாளிக்கு எதிராகப் பேசிய ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஏன் அப்படி நின்றாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். "என் வாயால சொல்ல எனக்குத் தில்லு கெடயாது சார். டப்பா சொல்லிடும்னு நெனச்சேன்."

டப்பா சொன்னது. மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. நோய் உண்டாக்கும் கிருமி எதுவும் இல்லை, நச்சும் இல்லை, உணவு உண்ணத் தகுந்தது. டப்பாவை வைத்திருந்த முறையைப் பாராட்டி ஒரு வரிகூட இருந்ததாம். மெஸ்ஸில் அன்று கேசரி கிண்டினார்கள். பரசுராமன் எல்லார் முன்னாலும் சுகிர்தாவைக் கூப்பிட்டு ஒரு புடவை கொடுத்தார். "இவ டப்பாதான் நம்ம ஊட்டக் காப்பாத்திச்சு" என்றார்.

மெஸ் சுத்தம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டால், முப்பத்தேழு பேருக்கு ஏன் வாந்தி என்று கேள்வி வருமே. அதற்கும் பதில் தயாராக இருந்தது. திருத்தணியில் கண்ட இடத்தில் தண்ணீர் குடித்திருப்பார்கள். நான் திருத்தணிக்குப் போகவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. லோகுவும் போகவில்லை, ஆனால் அவன் விஷயத்தில் வேறு பதில் வைத்திருந்தார்கள். முன்பு குடித்தவன். பெண் பிறந்த பிறகு விட்டுவிட்டான், எட்டு வருடமாகத் தொட்டதில்லை. செத்தவன் வந்து வாயை ஊதிக் காட்ட முடியாது. "சரக்கு ஒத்துக்கல, அதான்" என்று எங்கள் கம்பெனி ஆபீஸிலேயே பேசினார்கள். ஒரு கரண்டிச் சுத்தமான சோறு, செத்தவனைக் குடிகாரனாக்கிவிட்டது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் செய்தது ஒன்றுமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழ்செல்வி செய்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளன்று மனுவோடு போய் வரிசையில் நின்றாள். 'என் கணவர் மெஸ் சாப்பாட்டால் இறந்தார், குடியால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்' என்பதுதான் மனு. நஷ்ட ஈடு என்பது அதற்கும் கீழே இரண்டாவது வரி. ஒவ்வொரு முறையும் அந்த ரிப்போர்ட்டின் நகலைக் காட்டினார்கள். "சாட்சி யாராச்சும் இருந்தாக் கூட்டிக்கினு வாம்மா" என்றார்கள்.

ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் வேலை விட்டு மணவாள நகருக்கு நடந்துபோகும்போது சுகிர்தாவும் நானும் சேர்ந்துகொண்டோம். அவளாகத்தான் ஆரம்பித்தாள். அந்த ரிப்போர்ட் அவளை அரித்துக்கொண்டிருந்தது. பழைய சோறு போட்டது நிஜம், டப்பாவை அவள் மாற்றவில்லை என்பதும் நிஜம், அப்புறம் எப்படி என்று.

"மெஷின்ல தப்பா வந்திருக்குமா சார்?" என்று கேட்டாள்.

எனக்கு ஸ்டோர் புத்தி. மூலப்பொருள் மூட்டைகள் வந்து இறங்கினால் எந்த மூட்டையில் சாம்பிள் எடுத்தார்கள் என்று கேட்டுப் பழக்கம். "டப்பாவுக்கு எப்போ எடுத்தீங்க சுகிர்தாம்மா?" என்றேன்.

"வடிச்ச ஒடனே. பதினொண்ணு பத்து. டைமு போட்டிருந்தேனே."

"பழைய சோத்தக் கலந்தது எப்போ?"

"அது பேக்கிங்குல தான சார். பதினொண்ணரைக்கு மேல..."

அவள் நின்றுவிட்டாள். ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிப் போனது. நான்தான் அவளை ஓரமாக நகர்த்தினேன். சாக்கடைப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் பாத்து எடுத்தேனே சார்" என்றாள்.

நீ செய்தது தப்பில்லை என்று சொல்லலாம், அது பொய். தப்பு என்று சொல்லலாம், அதுவும் பொய். நல்லதை முதலில் எடுத்துவைக்க அவளுக்கு அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். கெட்டதைத் தேடி எடுத்துவைக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டை கட்டியவரும் சொல்லவில்லை.

"தமிழ்செல்வி கூட ஒரு திங்கக்கிழமை போய்ச் சொல்லிட்டா என்ன?" என்று கேட்டேன். கேட்பது எனக்குச் சுலபம்.

"மெஸ்ஸ மூடிடுவாங்க சார். பதினோரு பொம்பளைங்க அதுலதான் கஞ்சி குடிக்கறோம். எம்பொண்ணு படிப்பு முடிய இன்னும் ஒண்ணரை வருஷம் கீது." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்: "இத்த உங்க தாளுல கீளுல எழுதிப்புடாதீங்க."

நீங்கள் வந்து சொல்லுங்களேன் என்று அவள் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் ஒரு மேனேஜர் இருக்கிறார், எனக்கும் கடன் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். இப்போது எல்லாப் பெயரையும் மாற்றி எழுதுகிறேன். இதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்குப் பிறகு தமிழ்செல்வி எதிரில் வந்தால் சுகிர்தா அடுத்த தெருவில் திரும்பிவிடுவாள். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு மாவுமில்தான். ஆகவே தினமும் சுற்றிக்கொண்டு நடந்தாள். டப்பாவுக்கு எடுப்பதில் மட்டும் மாற்றமில்லை. ஒருமுறை ஹாட் பாக்ஸிலிருந்து எடுக்கப் போனாளாம், குணா கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "உனுக்கு இன்னா மண்ட கொயம்பிடுச்சா?" என்றாராம். மறுபடி அண்டாவின் நடுவிலிருந்தே எடுத்தாள். இப்போது உதடு அசைவதில்லை.

ஆடிக்குப் பிறகு நாலு மாதம் பரசுராமன் மீந்த சோற்றைப் பன்றி வளர்ப்பவருக்குக் கொடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். ரிப்போர்ட்டும் வந்து, பேச்சும் அடங்கியதும் தட்டங்கள் மறுபடி அறைக்குள் போயின. யாரும் உத்தரவு போடவில்லை. ஒருநாள் யாரோ பரப்பினார்கள், யாரோ ஈரத்துணி போட்டார்கள்.

மாசியில் அவர் இன்னொரு நல்ல காரியம் செய்தார். தமிழ்செல்விக்கு வேலை கொடுத்தார். "பாவம், வயசுப் பொண்ணு, கொயந்தைய வெச்சிக்கினு எத்தினி நாளு மனுவத் தூக்கிக்கினு அலையும்" என்று என்னிடமே சொன்னார். பாத்திரம் கழுவுவதும் காய் நறுக்குவதும் வேலை, மதியச் சாப்பாடு மெஸ்ஸிலேயே. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். வேறு எந்தக் கிழமையாகவும் இருந்திருக்கலாம். அந்தத் திங்கட்கிழமை அவள் கலெக்டர் ஆபீஸுக்குப் போகாமல் மெஸ்ஸுக்கு வந்தாள். குழந்தைக்கு ஸ்கூல் வேன் பணம் கட்ட வேண்டியிருந்தது.

சுகிர்தாதான் அவளுக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டும். தலைத்தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். எந்தத் தேய்ப்பான் எந்தப் பாத்திரத்துக்கு என்று காட்டினாள். முகத்தைப் பார்க்காமலே எல்லாம் சொன்னாள். தமிழ்செல்வி அவளைப் 'பெரிய மனசு அக்கா' என்று என்னிடம் சொன்னாள்.

அந்த வாரம் வியாழக்கிழமைதான் என்னுடைய டிக் நாள். முந்தின நாள் தொழிற்பேட்டையில் ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்து, மதியத்துக்கு முன்பே எல்லாக் கம்பெனியிலும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாதிச் சாப்பாட்டுக்கு மேல் திரும்பிப் போயிருக்கும். அது எங்கே போயிற்று என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வியாழக்கிழமை மதியம் கத்திரிக்காய்ச் சாம்பார் நன்றாக அமைந்திருந்தது. இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டரை மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன்.

வேன்கள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. வேலை முடிந்து பெண்கள் சாப்பிடும் நேரம். ஆனால் பத்துப் பேரும் பின்வாசலில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். "சாப்பிடலையாம்மா?" என்றேன். "பசியில்ல சார்" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் கிளாஸைப் பார்த்தார்கள். குணா வெளியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சுகிர்தா குழாயடியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே தமிழ்செல்வி மட்டும் தட்டை மடியில் வைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். புதிது என்பதால் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வேனில் ஏற்றாமல் நின்ற ஹாட் பாக்ஸின் அடியில் இருந்ததைத் தானே போட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் பட்டினி போலிருக்கிறது, பெரிய கவளமாக உருட்டி வாயில் வைத்தாள். "உக்காருங்க சார், ஒரு வாய் சாப்பிடுங்க" என்று நிரம்பிய வாயோடு என்னைக் கூப்பிட்டாள்.

அண்டா தரையில் விழுந்த சத்தம் கேட்டது. சுகிர்தா ஈரக் காலோடு ஓடிவந்தாள். கையுறை இல்லை, தொப்பி கழன்று தோளில் கிடந்தது. தமிழ்செல்வியின் மடியிலிருந்த தட்டைத் தட்டிவிட்டாள். சோறு சுவரில் அடித்துச் சிதறியது. எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அவள் பின்கழுத்தைப் பிடித்தாள். இன்னொரு கையை விரித்து அவள் வாய்க்குக் கீழே நீட்டினாள்.

"துப்பு."

தமிழ்செல்வி மெல்லுவதை நிறுத்தினாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சுகிர்தாவைப் பார்த்தாள், பிறகு வாசலில் டீ கிளாஸோடு இருந்த பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள், மறுபடி சுகிர்தாவிடம் வந்தாள். ஆறு மாதமாகக் கலெக்டர் ஆபீஸில் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இங்கே பதில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துகொண்டே வந்தது. அது முகத்தில் தெரிந்தது. அவள் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

சுகிர்தா நீட்டிய கையை எடுக்கவில்லை.